சூப்பர்வைசர் மேசைக்கு எந்த போன்?

சென்ற மாதம் எங்கள் அலுவலகத்தில் ஒன்பது மேசை போன்களை மாற்றினேன். ஒன்பதும் சூப்பர்வைசர்களுக்கு. "போன்தானே, ஏதாவது நல்லதா வாங்கிப் போடுங்க" என்றுதான் நிர்வாகத்தில் சொன்னார்கள். நான் ஏழு வாரம் எடுத்துக்கொண்டேன். ஏன் இத்தனை நாள் என்று கேட்டவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். இதே வேலை வேறு யார் தலையிலாவது விழுந்தால் அவர்களுக்கும் உதவும்.

எங்கள் கம்பெனி சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே, ராஜாஜி சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் இருக்கிறது. கஸ்டம்ஸ் கிளியரிங், லாரி போக்குவரத்து, கொஞ்சம் கிடங்கு வேலை. நான் 2003-ல் இங்கே டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். பத்து வருஷத்துக்கு மேல், அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் போர்டுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் போர்டு போய் சர்வர் வந்தது, நானும் மெதுவாகக் கற்றுக்கொண்டு சிஸ்டம்ஸ் பக்கம் வந்துவிட்டேன். இன்றைக்கு போன் அழைப்புகளை நடத்தும் ஆஸ்டரிஸ்க் சர்வர், கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச், போன் எல்லாம் என் பொறுப்பு.

போர்டில் இருந்த காலத்தில் என் முன்னால் ஒரு கன்சோல் இருக்கும். ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் ஒரு பொத்தான், பக்கத்தில் ஒரு சிறிய விளக்கு. விளக்கு எரிந்தால் அவர் பேசிக்கொண்டிருக்கிறார். அணைந்திருந்தால் சும்மா இருக்கிறார். யாரிடமும் கேட்காமல், யாரையும் கூப்பிடாமல், அந்த விளக்குகளைப் பார்த்தே மொத்த அலுவலகமும் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். வெளியிலிருந்து ஒரு வாடிக்கையாளர் கோபமாகக் கூப்பிட்டால், பேசிக்கொண்டிருக்கும் ஆளிடம் தள்ளாமல், சும்மா இருக்கும் ஆளிடம் கொடுக்க முடிந்ததற்கு அந்த விளக்குகள்தான் காரணம்.

2018-ல் கம்ப்யூட்டர் நெட்வொர்க் கேபிளில் ஓடும் ஐபி போனுக்கு மாறியபோது எல்லோருக்கும் ஒரே மாதிரி போன் வாங்கினோம். இரண்டு லைன், சின்ன கறுப்பு வெள்ளைத் திரை, விலை குறைவு. கிளார்க்குகளுக்கு அது போதும், இன்றைக்கும் போதும். சூப்பர்வைசர்களுக்கும் அதையே வைத்தோம். வேலை அங்கேதான் கெட்டது. விளக்குகள் என் மேசையிலிருந்து போய்விட்டன, ஆனால் வேறு யார் மேசைக்கும் போய்ச் சேரவில்லை.

இதை நான் புரிந்துகொண்டது இந்த வருஷம்தான். போன் வாங்குவதற்கு முன்னால் ஒரு முழுக் காலைப் பொழுது எங்கள் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். என்னைவிட மூத்தவர், முப்பது வருஷமாக லாரிகளோடு இருப்பவர். அவர் எடுத்த ஒவ்வொரு அழைப்பையும் எழுதினேன்: யார் கூப்பிட்டார், யாருக்காக, என்ன ஆனது. பாதிக்கு மேல் அவருக்கான அழைப்பே இல்லை. டிரைவர் கூப்பிடுகிறார், எண்ணூரில் கேட் பாஸ் பிரச்சினை, அது டாக்குமென்டேஷன் பெண்ணிடம் போக வேண்டும். வாடிக்கையாளர் கூப்பிடுகிறார், பில் பற்றி, அது அக்கவுன்ட்ஸுக்கு. பக்கத்து மேசை போன் அடிக்கிறது, ஆள் இல்லை, இவர் எழுந்து ஓடிப் போய் எடுக்கிறார். அதற்குள் இவர் போன் அடிக்கிறது. யார் லைனில் இருக்கிறார் என்று பார்க்க நாற்காலியிலிருந்து எழுந்து தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்க்கிறார். ஒரு காலையில் எத்தனை முறை எழுந்தார் என்று எண்ணுவதை நானே நடுவில் விட்டுவிட்டேன்.

மதியம் அவர் சொன்னார்: "இங்க பாரும்மா, எனக்குப் பெரிய டிவி மாதிரி போனெல்லாம் வேணாம். யார் பேசுறாங்க, யார் பேசலைன்னு உட்கார்ந்த இடத்துல இருந்தே தெரியணும். அவ்வளவுதான்."

சூப்பர்வைசரின் போன் அவருடைய போன் மட்டும் அல்ல, அவருக்குக் கீழே இருக்கும் ஏழெட்டுப் பேரின் போன்களையும் பார்த்துக்கொள்ளும் இடம் அது. நடுத்தர விலை போன்களை ஒப்பிடும்போது நான் முதலில் பார்த்தது இதைத்தான். திரை எத்தனை அங்குலம், கலரா இல்லையா என்பதெல்லாம் அதற்குப் பின்னால்.

ஐபி போனில் இந்த விளக்குக்கு பி.எல்.எஃப். (பிஸி லேம்ப் ஃபீல்டு) என்று பெயர். ஒரு பொத்தானுக்கு ஒரு எக்ஸ்டென்ஷனைக் கொடுத்துவிட்டால், அந்த ஆள் சும்மா இருக்கும்போது பச்சை, பேசும்போது சிவப்பு, அவர் போன் அடிக்கும்போது சிவப்பு மின்னும். பல போன்களில் நிற வழக்கம் இதுதான். மின்னும்போது அந்தப் பொத்தானை அழுத்தினால் அழைப்பு நம் போனுக்கு வந்துவிடும், எழுந்து ஓட வேண்டாம். அடுத்தவர் போனில் அடிக்கும் அழைப்பை எடுக்கும் எண்ணை, அதாவது பிக்கப் கோடு (code) என்பதை, சர்வர் பக்கத்தில் சரியாகப் போட்டிருந்தால்தான் இது நடக்கும். எங்கள் சர்வரில் இரண்டு நட்சத்திரக் குறியும் எக்ஸ்டென்ஷன் எண்ணும். ஆறு வருஷமாக அந்தக் கோடு இருந்தது, ஆனால் அடிக்கிற போனைப் பார்த்து எண்ணை நினைவுபடுத்தி நட்சத்திரம் அழுத்த யாருக்குப் பொறுமை இருக்கும்?

விளம்பரத் தாளில் கவனமாகப் படிக்க வேண்டிய இடமும் இதுதான். யீலிங்க் டி43யூ போனை எடுத்துக்கொள்ளுங்கள். 21 பொத்தான் என்று போட்டிருக்கும். ஆனால் திரையின் இரு பக்கமும் சேர்த்து உண்மையில் இருப்பது 8 பொத்தான்கள். திரையைப் புத்தகம் மாதிரி மூன்று பக்கங்களாக மாற்றிக்கொள்ளலாம், பக்கம் மாற்றவே ஒரு பொத்தான் போய்விடும். ஆக ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது 7. ஏழு மூன்று இருபத்தொன்று. அதே கம்பெனியின் டி46யூவில் 10 பொத்தான், 27 என்று எழுதியிருக்கும், தெரிவது 9. டி42யூவில் 6 பொத்தான், 15 என்று எழுதியிருக்கும், தெரிவது 5. எழுதியது பொய் இல்லை, கணக்கு சரிதான். ஆனால் இரண்டாம் பக்கத்தில் இருக்கும் விளக்கு சூப்பர்வைசருக்கு இல்லாத விளக்கு. பக்கம் மாற்றிப் பார்த்து ஒருவர் பேசுகிறாரா என்று தெரிந்துகொள்வதும், எழுந்து எட்டிப் பார்ப்பதும் ஒன்றுதான்.

அதனால் ஒவ்வொரு சூப்பர்வைசருக்கும் கீழே எத்தனை பேர் என்று முதலில் ஒரு தாளில் எழுதினேன். எக்ஸ்போர்ட் 5, அக்கவுன்ட்ஸ் 4, இம்போர்ட் 9, டிரான்ஸ்போர்ட் 11 என்று. ஏழுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு போன் போதும். அதற்கு மேல் இருப்பவர்களுக்குப் பக்கத்தில் இணைக்கும் கூடுதல் பொத்தான் பலகை வேண்டும். இந்தத் தாளை எழுதிய பிறகு பாதி மாடல்கள் தாமாகவே கழிந்துவிட்டன.

எங்கள் எம்.டி.க்குத் தொடுதிரை போன் பிடித்திருந்தது. ஏழு அங்குலத் திரை, பார்க்க நன்றாக இருந்தது, சூப்பர்வைசர்களுக்கு ஒரு மரியாதையாகவும் இருக்கும் என்றார். அவர் எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் எங்கள் ஆட்கள் போனைப் பார்த்துக்கொண்டு போன் செய்வதில்லை. கண் கம்ப்யூட்டரில் இருக்கும், கை தானாகப் பொத்தானுக்குப் போகும். கண்ணாடியில் விரலுக்கு அடையாளம் எதுவும் கிடைக்காது. டெமோவுக்கு வந்த தொடுதிரை போனை ஒரு வாரம் இம்போர்ட் சூப்பர்வைசரிடம் கொடுத்துப் பார்த்துவிட்டு, அவரையே எம்.டி.யிடம் பேசச் சொன்னேன். எம்.டி. ஒத்துக்கொண்டார்.

கடைசிச் சுற்றுக்கு வந்தவை நான்கு. யீலிங்க் டி43யூ, கிராண்ட்ஸ்ட்ரீம் ஜிஆர்பி2614, பாலி விவிஎக்ஸ் 350, சிஸ்கோ 7841. நான்கிலும் வேகமான நெட்வொர்க் இணைப்பு தரும் ஜிகாபிட் போர்ட் உண்டு, நான்கும் நெட்வொர்க் கேபிளிலேயே கரன்ட் எடுத்துக்கொள்ளும்.

பாலி போனின் ஒலி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முன்பு பாலிகாம் என்று இருந்த கம்பெனி, 2022-லிருந்து எச்பியிடம் இருக்கிறது. 3.5 அங்குலக் கலர் திரை, 6 லைன். பக்கத்தில் நடக்கும் பேச்சு மைக்கில் ஏறாமல் தடுக்கும் ஒரு வசதி அதில் உண்டு, எங்கள் மாதிரி சத்தமான இடத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் எங்கள் ஆட்களின் எண்ணிக்கைக்குப் பொத்தான்கள் போதவில்லை.

சிஸ்கோ உறுதியான போன். எனக்கு எப்போதும் மதிப்பு உண்டு. ஆனால் 4 லைன் பொத்தான்தான், அதற்கு மேல் பலகை இணைக்க வழியில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலிவாகக் கிடைக்கிறதே என்று செகண்ட்ஹேண்டில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 7841 இரண்டு விதமாக வருகிறது. ஒன்று சிஸ்கோவின் சொந்த சர்வரான 'கால் மேனேஜர்' (Call Manager) என்பதோடு வேலை செய்வது. இன்னொன்று, ஐபி போன்களின் பொது மொழியான எஸ்ஐபி பேசும் மற்ற கம்பெனி சர்வர்களோடும் சேரக்கூடிய மல்டிபிளாட்ஃபார்ம் வகை. பெட்டியில் மாடல் எண்ணோடு 3பிசிசி என்று இருந்தால் இரண்டாவது வகை. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. உங்களிடம் ஆஸ்டரிஸ்க் மாதிரி சர்வர் இருந்தால் இந்த எழுத்துகளைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கிராண்ட்ஸ்ட்ரீமில் இரண்டு கலர் திரை. பெரியது 2.8 அங்குலம், பக்கத்தில் பொத்தான் பெயர்களுக்காகவே 2.4 அங்குலத்தில் இன்னொன்று. 24 பேரை அதில் போடலாம். வைஃபை, புளூடூத் உள்ளேயே இருக்கிறது. கையில் எடுத்துப் பார்த்தபோது இதுதான் என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டேன். ஆனால் எங்கள் சூப்பர்வைசர்களில் நான்கு பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். கண்ணாடியைக் கழற்றினாலும் மாட்டினாலும் அந்தச் சின்ன எழுத்து அவர்களுக்குச் சிரமமாக இருந்தது. டி43யூவில் கலர் இல்லை, ஆனால் 3.7 அங்குலத் திரை, பின்னாலிருந்து வெளிச்சம், எழுத்து தடியாகத் தெரிகிறது. ஜன்னல் வெயில் நேராக விழும் எக்ஸ்போர்ட் மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கறுப்பு வெள்ளைதான் படிக்க முடிந்தது.

எட்டுப் பேருக்கு டி43யூ. அதில் இம்போர்ட், டிரான்ஸ்போர்ட் இருவருக்கும் இஎக்ஸ்பி43 பலகை, ஒன்றில் 20 பொத்தான். ஒன்பதாவது ஆள் மெசனைன் மாடியில் இருக்கிறார். பழைய கட்டடம், சுவர் அவ்வளவு தடிப்பு, அங்கே கேபிள் இழுக்க முடியவில்லை. அவருக்கு மட்டும் கிராண்ட்ஸ்ட்ரீம், வைஃபையில். வைஃபை போன் என்றால் கேபிளே வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. நெட்வொர்க் கேபிள் இல்லையென்றால் கரன்டும் அதில் வராது, அடாப்டரும் பிளக் பாயின்டும் வேண்டும். அடாப்டர் பெரும்பாலும் போனோடு வருவதில்லை, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒலியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு நாளில் ஆயிரம் முறை போனில் சொல்லப்படுவது கன்டெய்னர் எண். நான்கு எழுத்து, ஏழு இலக்கம். முதல் மூன்று எழுத்து யாருடைய பெட்டி என்று சொல்லும், நான்காவது பெரும்பாலும் யு, அப்புறம் ஆறு இலக்கம், கடைசி இலக்கம் மற்றதெல்லாம் சரியா என்று சோதிப்பதற்கு. போனில் இதைப் படிக்கும்போது எஸ்ஸும் எஃப்பும் குழம்பும். இதற்குக் காரணம் கேட்பவரின் காது அல்ல. சாதாரணத் தொலைபேசி ஒலி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். எஸ் என்ற ஒலியை எஃப்பிலிருந்து பிரித்துக் காட்டும் சீறல் அதற்கு மேலே இருக்கிறது, அது வெட்டுப்பட்டுப் போய்விடுகிறது. ஜி.722 என்ற கோடெக் (குரலை டிஜிட்டலாக மாற்றி அனுப்பும் முறை) 7000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுபோகும். அதற்காகக் கூடுதல் இணைய வேகமும் கேட்காது, பழைய ஜி.711 மாதிரியே 64 கேபிபிஎஸ்தான்.

எங்கள் 2018 போன்களிலும் இந்தக் கோடெக் இருந்தது, சர்வரில் நான் அதை முதல் இடத்தில் வைக்கவில்லை. இந்த முறை வைத்தேன். மணலி பக்கத்தில் கன்டெய்னர்கள் வந்து இறங்கும் சி.எஃப்.எஸ்.ஸில் இருக்கும் எங்கள் ஆளுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே இணையம் வழியாக ஒரு தனிப் பாதை (விபிஎன்) இருக்கிறது, அவரிடமும் ஐபி போன்தான். இரண்டு முனையும் இதைப் பேசினால்தான் பலன், டிரைவரின் செல்போனிலிருந்து வரும் அழைப்பில் எங்களுக்கு இந்த வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆனால் சி.எஃப்.எஸ். அழைப்பில் கிடைத்தது. "எஸ் ஃபார் சேலம்" என்று சொல்லாமலே எண் வாங்கியதை இம்போர்ட் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அன்றைக்கு முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

2018-ல் வாங்கிய போன்களில் இன்னொரு குறையும் இருந்தது. மேசைக்கு ஒரே நெட்வொர்க் பாயின்ட் என்பதால் போனின் பின்னாலிருந்து கம்ப்யூட்டருக்குக் கேபிள் கொடுத்திருந்தோம். அந்தப் போனின் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். ஸ்விட்ச் ஜிகாபிட், கம்ப்யூட்டர் ஜிகாபிட், நடுவில் போன் மட்டும் பத்தில் ஒரு பங்கு. பில் ஆஃப் என்ட்ரி, இன்வாய்ஸ் என்று ஸ்கேன் செய்த பெரிய கோப்புகளைச் சர்வரிலிருந்து திறக்க நேரம் ஆகிறது என்று டாக்குமென்டேஷனில் வருஷக்கணக்காகச் சொன்னார்கள். நான் சர்வரைச் சந்தேகப்பட்டேன், டிஸ்க்கை மாற்றினேன். போனைச் சந்தேகப்படவே இல்லை. மேசை போன் வாங்கும்போது ஜிகாபிட் என்பது போனுக்காக அல்ல, அதற்குப் பின்னால் தொங்கும் கம்ப்யூட்டருக்காக.

கரன்ட் விஷயம். பழைய போன்களுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் லைனில் வரும், அதனால் ஊரே இருட்டாக இருந்தாலும் டயல் டோன் இருக்கும். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்று அலுவலகத்தில் கரன்ட் இல்லை, யார் செல்போனிலும் சிக்னல் இல்லை. போர்டுக்குப் பேட்டரி இருந்தது, ஒரு பி.எஸ்.என்.எல். லைன் மட்டும் உயிரோடு இருந்தது. அந்த ஒரு லைனில் ஒவ்வொருவராக வரிசையில் நின்று வீட்டுக்குப் பேசினார்கள். நான்தான் போட்டுக் கொடுத்தேன். அதை மறக்க முடியாததால் ஐபி போனுக்கு வந்த நாளிலிருந்து ஸ்விட்ச்சையும் சர்வரையும் ரூட்டரையும் ஒரே யுபிஎஸ்ஸில் வைத்திருக்கிறேன். ஸ்விட்ச் வாங்கும்போது 24 போர்ட் என்பதை மட்டும் பார்க்கக் கூடாது, மொத்தம் எத்தனை வாட் தரும் என்று பார்க்க வேண்டும். போர்ட்டுக்கு 15.4 வாட் என்பது அடிப்படைத் தரம், 24 போர்ட்டுக்கும் சேர்த்து அது கிட்டத்தட்ட 370 வாட். எங்களுடையது மொத்தமே 190 தரும். மேசை போன் ஒன்று 7 வாட் என்று வைத்துக்கொண்டாலும் 24-க்கு 168, இடம் இருக்கிறது. பலகை சேர்த்தால் இன்னும் கொஞ்சம் போகும், அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

ஹெட்செட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்ஜே9 முனை எல்லா போனிலும் ஒரே மாதிரி தெரியும், உள்ளே கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய ஹெட்செட் புதிய போனில் சொருகிக்கொள்ளும், ஆனால் பேச்சு கேட்காமல் போகலாம். யுஎஸ்பி போர்ட் உள்ள போனாக இருந்து, யுஎஸ்பி ஹெட்செட் வாங்கிவிட்டால் இந்தக் கம்பி வரிசைத் தலைவலி இல்லை.

இரண்டு சூப்பர்வைசர்கள் வேறொன்றும் கேட்டார்கள்: கீழே இருப்பவர்கள் பேசுவதைத் தெரியாமல் கேட்க ஒரு பொத்தான் போட முடியுமா என்று. சர்வரில் அந்த வசதி இருக்கிறது. நான் போடவில்லை. புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழக்குவதற்கு, அவருக்குச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இன்னொரு ரிசீவரில் கேட்பது வேறு. தெரியாமல் கேட்பது வேறு. போர்டில் உட்கார்ந்திருந்த காலத்தில் எந்த லைனையும் நான் கேட்டிருக்க முடியும். கேட்டதில்லை. அந்த நம்பிக்கையில்தான் எல்லோரும் என் வழியாக வீட்டுக்குப் பேசினார்கள். இதை எம்.டி.யிடமும் சொன்னேன், அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

பொருத்தும்போது ஒரு அமைப்பை மட்டும் மறக்காமல் பாருங்கள். பேசிக்கொண்டிருக்கும்போது பி.எல்.எஃப். பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று போனில் சொல்லலாம்: புதிய அழைப்பா, நேராகத் தள்ளிவிடுவதா, கேட்டுவிட்டுக் கொடுப்பதா. நான் எல்லோருக்கும் கேட்டுவிட்டுக் கொடுப்பதை வைத்தேன். வாடிக்கையாளரை நேராகத் தள்ளிவிட்டு அங்கே ஆள் இல்லையென்றால் அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு பொத்தான் பார்க்கிங்குக்கு. அழுத்தினால் அழைப்பு 71-லோ 72-லோ போய் நிற்கும், போனே எண்ணைச் சொல்லும். "71-ல கஸ்டமர் இருக்காரு" என்று குரல் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் தங்கள் போனில் 71 அழுத்தி எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று வாரம் ஆகிறது. டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் பலகையில் 11 பேர், சி.எஃப்.எஸ்., கேட், இரண்டு கிடங்கு என்று 15 பொத்தான் போட்டுக் கொடுத்திருந்தேன். பேசாத நேரத்தில் அத்தனையும் பச்சை. நேற்று மாலை கிளம்பும்போது கூப்பிட்டு, "இன்னும் அஞ்சு காலியா இருக்கேம்மா, காட்டுப்பள்ளி யார்டையும் ஒண்ணுல போட்டுடு" என்றார். காட்டுப்பள்ளியில் இன்னும் ஐபி போன் இல்லை, நம்பரை மட்டும் போடலாம், விளக்கு எரியாது என்றேன். "அப்போ அங்கயும் ஒண்ணு வெச்சுடு" என்றார். கூடுதலாக வாங்கிய போன் ஒன்று என் பீரோவில் இருக்கிறது. திங்கள்கிழமை எடுத்துக்கொண்டு போகிறேன்.